பையைக் காணோம்!

தம்பானூர் ரயில் நிலையத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வண்டியை விட்டு இறங்குவதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? இறங்கியதும் 1931ஆம் ஆண்டின் அந்தப் பழைய கல் கட்டடத்தின் அழகை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மூட்டை முடிச்சுகளை ஓர் இடத்தில் குவித்து, வீட்டுத் தலைவி ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் முகத்தில் ஒரு தெளிவு. ஒன்று குறைந்தால் அந்த நடைமேடையே அதிரும். "பையைக் காணோம்!"

முப்பத்தேழு வருடம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து 2019இல் ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கூக்குரலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை அதை எழுப்பியது என் சொந்தக் குடும்பம்தான்.

இப்போது பொருள் தொலையாமல் காக்க விதவிதமான கருவிகள் வந்துவிட்டன. சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிய வில்லை ஒன்றைப் பையில் போட்டுவிட்டால், பை எங்கே இருக்கிறதென்று கைத்தொலைபேசி காட்டுகிறது. நம் சங்கத்து நண்பர்கள் பலர், "நீர் சிக்னல்காரர்தானே, இது எப்படி வேலை செய்கிறது, வாங்கலாமா என்று சொல்லுமே" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கூடவே, பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அம்மாவின் தபால் அட்டை

1982. நாகர்கோவிலில் இருந்து வேலையில் சேர வருகிறேன். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதை திறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பேருந்தைத்தான் நம்ப வேண்டும். என்னைக் குடிவைக்க அம்மாவும் அக்காவும் உடன் வந்தார்கள். படுக்கைச் சுருள், மண்ணெண்ணெய் அடுப்பு, இட்லிக் கொப்பரை, முறுக்கு டின், கூஜா என்று மொத்தம் பதினோரு உருப்படி. ரயிலில் ஏறியபோது பதினொன்று, இறங்கியபோதும் பதினொன்று. நிலையத்துக்கு எதிரே பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுக் கரமனையில் பார்த்து வைத்திருந்த அறைக்குப் போனோம். அங்கே அம்மா எண்ணினாள். பத்து!

தொலைந்தது என் காக்கிப் பை. அதற்குள்தான் என் டிப்ளமோ சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் இருந்தன. வேலையில் சேர ஆறு நாள் இருந்தது. நிலையம் முழுக்கத் தேடினேன். ரயில் பெட்டிகளுக்குள் ஏறிப் பார்த்தேன். போர்ட்டர்கள் அத்தனை பேரிடமும் கேட்டேன். வண்டியில்தான் விட்டோம் என்று மூன்று பேரும் முடிவு கட்டிவிட்டதால், சாயாக்கடையைப் பற்றி யாருக்கும் நினைவே வரவில்லை.

நான்காம் நாள் நாகர்கோவில் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. அனுப்பியவர் அந்தச் சாயாக்கடைக்காரர். முகவரி எழுதியிருந்தது அம்மாவின் கையெழுத்தில்!

அம்மாவுக்கு ஒரு பழக்கம். எந்தப் பையைக் கட்டினாலும், வீட்டு முகவரி எழுதிய பதினைந்து பைசா தபால் அட்டை ஒன்றை உள்ளே போட்டு வைப்பாள். எடுத்தவன் நல்லவனாக இருந்தால் அவனுக்கு அஞ்சல் செலவு வைக்கக் கூடாதாம். சாயாக்கடைக்காரர் அந்த அட்டையின் வெறும் பக்கத்தில் மலையாளத்தில் நான்கு வரி எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறார். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததல்லவா? அந்தக் காலத்துப் பள்ளியில் மலையாளம் படித்த என் அப்பா அதைக் கடகடவென்று வாசித்துவிட்டு, மறு வண்டியிலேயே தம்பானூருக்கு வந்து இறங்கினார். நான் வேலையில் சேர்ந்தேன். இன்று ஓய்வூதியம் வாங்குகிறேன் என்றால் அதில் அந்தப் பதினைந்து பைசாவுக்கும் பங்கு உண்டு.

முந்தானையும் சேங்கொட்டையும்

பொருள் தொலையாமல் காக்கும் கருவி ஏதோ நேற்று வந்தது என்று எண்ண வேண்டாம். நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்த முடிச்சு அதுதான். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தும் சுருக்குப் பையும் அதுதான். உடம்போடு சேர்ந்த பொருள் எளிதில் தொலையாது என்பது அவர்கள் கண்ட தத்துவம்.

ஊர்த் துணி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெளுத்த சலவைத் தொழிலாளி எந்த வேட்டி யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்? சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் ஒரு குறி போடுவார். சுண்ணாம்பு சேர்ந்ததும் கறுத்துப் போகும். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அழியாது. வீட்டுக்கு ஒரு குறி. எழுத்தே தேவையில்லாத அடையாள முறை அது. பாத்திரக் கடையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கியவுடன் பெயர் வெட்டித் தரச் சொல்கிறோமே, அதுவும் இந்த வம்சம்தான். கல்யாண வீட்டுக்கு இரவல் போன நம் வாளி ஊர் சுற்றித் திரும்பி வருவது அந்தப் பெயரால்தான்.

இத்தனையும் மீறித் தொலைந்தால்? புதுக்கோட்டை அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். கிறிஸ்தவ அன்பர்கள் புனித அந்தோணியாரிடம் முறையிடுவார்கள். இங்கே திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகு என் மனைவி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறாள். இதை நான் கேலி செய்ய மாட்டேன். பதறிக்கொண்டு தேடுகிறவன் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதுகூடத் தெரியாது. வேண்டிக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தால் மனம் நிதானிக்கும், வைத்த இடம் நினைவுக்கு வரும்.

ரயில்வே கற்றுத் தந்தது

தொலையக் கூடாத பொருளை எப்படிக் கையாள்வது என்பதை ரயில்வேயைப் போலக் கற்றுத் தரும் பள்ளிக்கூடம் வேறு கிடையாது.

ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது என்பதற்காக டோக்கன் முறை இருந்ததைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு நிலையங்களிலும் இருக்கும் டோக்கன் கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது உரிய கருவிக்குள் திரும்பப் போகும் வரை அடுத்த பந்து வெளியே வராது. அந்தப் பந்து ஓட்டுநர் கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பகுதிக்குள் நுழையலாம். அது தொலைந்தால் காகித அனுமதியில்தான் வண்டிகளை நகர்த்த வேண்டும், வேலையே தடுமாறிப் போகும். ஒரு எலுமிச்சம்பழத்தைப் போல் உருண்டோடக்கூடிய அந்தச் சிறிய பந்தை என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு தோல் பைக்குள் போட்டு, அந்தப் பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டினார்கள். ஓடும் வண்டியில் இருந்தே கையில் மாட்டி வாங்கலாம். தொலைப்பதும் அத்தனை எளிதல்ல. முதல் பாடம் இது: சிறிய பொருளைப் பெரிய பொருளோடு கட்டு.

இரண்டாம் பாடம் லெவல் கிராசிங் சாவி. சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில், கேட்டை மூடிப் பூட்டினால்தான் சாவி கழன்று வரும். அந்தச் சாவியை உரிய இடத்தில் போட்டுத் திருப்பினால்தான் சிக்னல் இறங்கும். மனிதன் மறந்தாலும் கருவி மறக்க விடாது. இதை நான் வீட்டிலும் செய்து பார்த்தேன். வெளியூர் போகும்போது குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலினை அடிக்கடி மறந்துவிடுவேன். இப்போது முந்தின இரவே ஸ்கூட்டர் சாவியை அந்த மருந்துப் பெட்டியின் மேல் வைத்துவிடுகிறேன். மருந்தைத் தொடாமல் வண்டி கிளம்பாது. காசு செலவில்லாத இன்டர்லாக்கிங்!

மூன்றாம் பாடம் பணிமனைச் சுவரில் இருக்கும் நிழற்பலகை. ஒவ்வொரு ஸ்பேனரும் தொங்க வேண்டிய இடத்தில் அதன் உருவத்தையே வண்ணத்தில் வரைந்திருப்பார்கள். மாலையில் ஒரு கண்ணோட்டம் போதும், எது குறைகிறது என்று வெறும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு வாசலில் ஆளுக்கு ஓர் ஆணி அடித்துப் பெயர் எழுதிச் சாவியைத் தொங்கவிடுங்கள். பாதிச் சண்டை குறையும்.

விசில் அடித்தால் கத்தும் சாவி

1990களின் தொடக்கத்தில் சென்னை பர்மா பஜாரில் ஒரு சாவி வளையம் வாங்கினேன். விசில் அடித்தால் அது "பீப் பீப்" என்று பதில் சொல்லும் என்றார் கடைக்காரர். சொல்லவும் செய்தது. ஆனால் என் விசிலுக்கு மட்டுமல்ல, பிரஷர் குக்கர் விசிலுக்கும் சொன்னது. குழந்தை சிரித்தாலும் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு மணி நேரம் விடாமல் சொன்னதால், என் மனைவி அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். பிறகு அந்தச் சாவியைத் தேட அரை நாள் ஆயிற்று.

இன்றைய வில்லைகள் இந்த விசில் வளையத்தின் பேரப்பிள்ளைகள். ஆனால் சாமர்த்தியம் அதிகம்.

வில்லை எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் டைல் என்ற நிறுவனம் 2012இல் தொடங்கி இந்த வகை வில்லைகளைப் பரப்பியது. சாம்சங் ஸ்மார்ட்டேக் 2021 ஜனவரியிலும், ஆப்பிள் ஏர்டேக் அதே ஆண்டு ஏப்ரலிலும் வந்தன. நம் நாட்டில் ஜியோ 2023இல் ஜியோடேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பலரும் நினைப்பது போல இந்த வில்லைக்குள் செயற்கைக்கோளோடு பேசும் கருவி இல்லை. சிம் அட்டையும் இல்லை. ஒரு சிறிய புளூடூத் வானொலியும் ஒரு பொத்தான் பேட்டரியும்தான். "நான் இங்கே இருக்கிறேன்" என்று சங்கேத எண் ஒன்றை அது மெல்லக் கூவிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் சில பத்து மீட்டருக்கு மேல் எட்டாது.

அப்படியானால் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பை நமக்கு எப்படித் தெரிகிறது? ரயில்வேக்காரன் பாணியில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஓடுகிற வண்டி தான் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோல் அலுவலகத்துக்குச் சொல்லாது. வழியில் இருக்கும் ஒவ்வொரு நிலைய அதிகாரியும், "இன்ன வண்டி இத்தனை மணிக்குக் கடந்தது" என்று தொலைபேசியில் சொல்வார். கன்ட்ரோலர் அதைத் தாளில் கோடாக இழுப்பார். வில்லைதான் வண்டி. தெருவில் போகும் முன்பின் தெரியாத மனிதர்களின் கைத்தொலைபேசிகள்தான் நிலைய அதிகாரிகள். வில்லையின் குரலைக் கேட்ட தொலைபேசி, தான் நிற்கும் இடத்தைச் சேர்த்துப் பூட்டிய செய்தியாக அனுப்பிவிடும். அதைத் திறக்கும் சாவி நம் தொலைபேசியில் மட்டும் இருக்கும். செய்தி கொடுத்த மனிதருக்கோ, தான் உதவி செய்தது கூடத் தெரியாது.

இதிலிருந்தே இதன் பலமும் பலவீனமும் விளங்கும். தம்பானூர், எழும்பூர், சாலைக் கடைவீதி போன்ற நெரிசலான இடங்களில் பிரமாதமாக வேலை செய்யும். ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதையில், நிலையமே இல்லாத நீண்ட பகுதிக்குள் வண்டி புகுந்த மாதிரி, கடைசியாகக் கடந்த இடம் மட்டுமே தெரியும்.

எதை வாங்குவது?

முதல் விதி: உங்கள் தொலைபேசி எந்த ஜாதியோ, வில்லையும் அந்த ஜாதியாக இருக்க வேண்டும். ஆப்பிள் தொலைபேசி வைத்திருப்பவர்கள் ஆப்பிள் வலையில் சேரும் வில்லையை வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் கூகுள் வலையில் சேருவதை வாங்க வேண்டும். கூகுள் தன் வலையை 2024 ஏப்ரலில்தான் தொடங்கியது. தொடக்கத்தில் அது பல தொலைபேசிகள் கூடும் இடங்களில் மட்டும் செய்தி கொடுக்கும்படி அமைந்திருந்தது. அமைப்புப் பக்கத்தில் எல்லா இடத்திலும் என்று மாற்றிக்கொள்ளலாம். சாம்சங் வில்லைக்குச் சாம்சங் தொலைபேசி வேண்டும். விலையைப் பொறுத்தவரை, ஏர்டேக் 2021இல் 3,190 ரூபாய்க்கும், ஜியோடேக் ஏர் 2024இல் 1,499 ரூபாய்க்கும் அறிமுகமாயின. வாங்கும் முன் பெட்டியின் மேல் எந்த வலை என்று எழுதியிருக்கிறது என்பதை வாசியுங்கள். தெரியாவிட்டால் பேரனிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னும் சில குறிப்புகள். பேட்டரி சி.ஆர்.2032 என்ற நாணய வடிவம். ஏறக்குறைய ஒரு வருடம் வரும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மிகமிகக் கவனம். அந்தப் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும், உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அடுத்தது, நம் பழைய இரும்பு டிரங்குப் பெட்டிக்குள் வில்லையைப் போட்டால் அதன் குரல் வெளியே சரியாக வராது. துணிப்பையின் பக்கவாட்டு அறையில் வையுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் விமானப் பெட்டியில் ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது. சீட்டா என்ற நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் ஆயிரம் பயணிகளுக்கு 7.6 பெட்டிகள் வழி தவறின. 2024இல் அது 6.3 ஆகக் குறைந்தது. 2024 டிசம்பர் முதல் ஆப்பிள் வில்லையின் இருப்பிடத்தை விமான நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளவும் வசதி வந்திருக்கிறது.

ஆட்டோவில் போன பை

2023 கடைசியில் மகள் எனக்கு ஒரு வில்லையை வாங்கித் தந்தாள். சில வாரங்களில் அதற்குச் சோதனை வந்தது. நாகர்கோவிலில் இருந்து திரும்பி, தம்பானூரில் ஆட்டோ பிடித்து வீட்டில் இறங்கினோம். இறங்கிக் கால் மணி நேரம் கழித்து மனைவி, "என்னங்க, அந்த நீலப் பை?" என்றாள். இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தோம். உள்ளே அவளுடைய இரண்டு வளையல்கள்.

தொலைபேசியில் பார்த்தேன். புள்ளி ஓவர்பிரிட்ஜ் பக்கம் இருந்தது. அப்புறம் தம்பானூர். அப்புறம் மறுபடி எங்கள் தெரு முனை. அப்புறம் சாலைக் கடைவீதி. அங்கே நின்றுவிட்டது. 'பாவி, நகையை விற்கத்தான் சாலைக்குப் போயிருக்கிறான்' என்று என் மனம் சொல்லிற்று. வேறு ஆட்டோவில் பாய்ந்து போனேன். வழியெல்லாம் போலீஸ், கேஸ் என்று மலையாளத்தில் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். போனதும் சத்தமும் போட்டேன். அந்த மனிதர் எழுந்து நின்று, "சாரே, இது சாரின்டெ பேகல்லே?" என்று பையை நீட்டினார். மடியில் வைத்திருந்த பையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பையைக் கண்டதும் தம்பானூர் ஸ்டாண்டுக்குப் போய் எங்களைத் தேடியிருக்கிறார். பிறகு எங்களை இறக்கிவிட்ட தெருவுக்கு வந்து எந்த வீடு என்று தெரியாமல் திரும்பியிருக்கிறார். அதன் பிறகுதான் பசி தாங்காமல் சாலையில் சாப்பிட நின்றிருக்கிறார்.

அந்தப் புள்ளி எங்கள் தெரு முனைக்கு வந்ததை நானே பார்த்தேன். திருடன் எதற்காகத் திரும்பி வரப் போகிறான்? சிக்னலைச் சரியாக வாசிப்பதற்கே சம்பளம் வாங்கியவனுக்கு அது தோன்றவில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பதைத்தான் கருவி சொல்லும். யார் கையில், எந்த எண்ணத்தோடு இருக்கிறது என்பதைச் சொல்லாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார், பணம் வாங்க மறுத்துவிட்டார். எனக்குத்தான் அன்று இரவு உறக்கம் வரவில்லை.

உண்மையிலேயே திருட்டு என்று தோன்றினால் புள்ளியைத் துரத்திக்கொண்டு தனியே போகாதீர்கள். போலீசிடம் காட்டி, அவர்களோடு போங்கள்.

பயணத்துக்கு முன் பத்து நிமிடம்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "கறுப்புப் பை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது, படத்தைக் காட்டினால் புரியும். பெயர், தொலைபேசி எண் எழுதிய தாளைப் பைக்கு உள்ளேயும் போடுங்கள், வெளியே கட்டிய அட்டை அறுந்து போகும். தொலைபேசியில் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். தொலைபேசி தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, 2023 மே மாதம் நாடு முழுமைக்கும் வந்த சஞ்சார் சாத்தி ஏற்பாட்டின் மூலம் அதை முடக்கலாம். 2025இல் ரயில்வே பாதுகாப்புப் படையும் அந்தப் பதிவேட்டோடு இணைந்திருக்கிறது.

ரயிலில் பொருளை விட்டுவிட்டால் உடனே 139க்குப் பேசுங்கள். வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண், இறங்கிய நேரம் நான்கையும் சொல்ல வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில், கிடைத்த பொருள்களை உரியவரிடம் சேர்க்கிறது. அதேசமயம் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாமல் நம்மோடு கொண்டு போகும் சாமான் தொலைந்தால், ரயில்வேயின் கவனக்குறைவோ தவறோ என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. ஆகவே கீழ்ப் படுக்கைக்கு அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுவது நம் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணுங்கள். ஏறும்போது, இறங்கும்போது மட்டுமல்ல, சாயா குடித்து எழும்போதும் எண்ணுங்கள்.

அக்காவின் சுருக்குப் பை

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று யோசித்தேன். பல வீடுகளில் நடப்பதால் எழுதுகிறேன்.

அத்தான் காலமான பிறகு அக்கா எங்களோடு இருக்கிறாள். எழுபதைத் தாண்டியதும் நினைவு தப்ப ஆரம்பித்தது. காலையில் சாப்பிட்டதை மறப்பாள். நாற்பது வருடத்துக்கு முந்தியதை நேற்று நடந்த மாதிரி சொல்வாள். இரண்டு முறை தெருமுனை வரை போய் வழி தெரியாமல் நின்றாள். நான் அவளிடம் சொல்லாமல் அவளுடைய வெற்றிலைச் சுருக்குப் பையின் அடியில் ஒரு வில்லையைத் தைத்து வைத்தேன்.

2024இல் ஒரு மதியம், நாங்கள் கண்ணயர்ந்த நேரத்தில் அக்கா வெளியே போய்விட்டாள். தொலைபேசி தம்பானூரைக் காட்டியது. ஓடினேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை நிழலில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கார அம்மா கையில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, எழுந்து போக விடாமல் பிடித்து வைத்திருந்தார். புள்ளி என்னைத் தம்பானூருக்குக் கொண்டு வந்தது உண்மை. ஆனால் நான் வரும் வரை, இத்தனை பேருந்துகளுக்கு நடுவே அக்காவைக் காத்தது அந்த அம்மாள்தான்.

"எங்கே அக்கா வந்தே?" என்றேன்.

"எலே, சாயாக்கடையிலே உன் பையை வச்சிட்டு வந்துட்டேன்லே. உள்ளே உன் சர்ட்டிபிகேட்டு இருக்கு. நான்தான் பெஞ்சுக்கு அடியிலே வச்சேன். அம்மா ஏசுவா."

அந்தப் பை திரும்பி வந்து நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. அதை விட்டு வந்தது தான்தான் என்று இத்தனை காலம் அவள் மனதில் வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். "பை கிடைச்சாச்சு அக்கா, நான் வேலையிலே சேர்ந்தாச்சு" என்றேன். "சேர்ந்துட்டியா? அப்போ சரி" என்று எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து, மனம் தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் கேட்டாள், "நான் அங்கே இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?" வில்லையை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னையும் ஒரு உருப்படியாக்கிட்டியா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கேட்டுவிட்டு வைத்திருக்க வேண்டும். அன்று கேட்டேன். யோசித்து, "இருந்துட்டுப் போகட்டும்" என்று தானே மறுபடி பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்துக் கட்டினாள்.

இந்த வில்லைகள் பொருளுக்காகச் செய்யப்பட்டவை, மனிதருக்காக அல்ல என்பதை அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அருகில் தொலைபேசி இல்லாத இடத்தில் அது ஊமை. ஒருவருக்குத் தெரியாமல் அவர் மேல் வைத்தால் அது வேவு பார்ப்பது. அதைத் தடுக்கத்தான் 2024 மே முதல், அந்நிய வில்லை ஒன்று கூடவே வந்தால் ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் எச்சரிக்கை கொடுக்கின்றன. மறதி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வாசலில் ஒரு மணி கட்டுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. காணாமல் போனால் தாமதிக்காமல் 112க்குப் பேசுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். அக்காவின் சுருக்குப் பையில் இப்போது வில்லையோடு ஓர் அட்டையும் இருக்கிறது. பெயர், வீடு, என் தொலைபேசி எண். ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மலையாளம். அம்மாவின் தபால் அட்டை முகவரி தமிழில் மட்டும் இருந்தது, மலையாளம் படித்த அப்பா இருந்ததால் பதில் புரிந்தது. நம் பிள்ளைகள் பம்பாயிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். எந்த ஊரில் குடியிருக்கிறோமோ அந்த ஊர் எழுத்தில் நம் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள் அன்பர்களே. கண்டெடுக்கப் போகிறவர் அந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார்.